சிக்னலில் உறங்கும் என்ஜின்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் வாடகை வீட்டு ஒப்பந்தத்தைக் குறித்து எழுதியிருந்தேன். இம்மாதம் ஒரு சிறிய பொத்தானைக் குறித்து எழுத வேண்டியதாயிருக்கிறது. மோட்டார் காரின் முன்பலகையில், ஸ்டியரிங்குக்குச் சற்றுத் தள்ளி, ஆங்கில ‘ஏ’ எழுத்தைச் சுற்றி ஓர் அம்பு வளைந்து நிற்கும்படியான பொத்தான் அது. உங்களில் அநேகர் அதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் தினந்தோறும் அதன்மேல் எரிச்சல் கொண்டிருப்பீர்கள். சொந்தமாகக் கார் இல்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நாளை உங்கள் மகனோ மருமகனோ ஒன்றை வாங்கி, உங்களைத்தான் முதலாவது ஏற்றிக்கொண்டு புறப்படுவான்.

இதை எழுதத் தூண்டியவர் முலுண்டில் வசிக்கும் ஒரு சகோதரி. இருபது வருஷங்களாக மும்பையில் கார் ஓட்டுகிறவர். அவருடைய கணவர் கப்பல் வேலையில் இருப்பதால் வருஷத்தில் ஏழெட்டு மாதம் வீட்டில் இல்லை. மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை. பழைய சிறிய காரில் ஏறி இறங்க மூதாட்டியால் முடியவில்லை. இருக்கை உயரமாக இருந்தால் குனியாமல் ஏறலாம் என்று, கடன் வாங்கி ஒரு ஹைபிரிட் எஸ்.யூ.வி. வாங்கினார்கள். வாங்கிய ஐந்தாம் மாதத்தில் அந்தச் சகோதரி ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். கார் அடுக்குமாடியின் கீழே தூசி படிந்து நின்றது. மாமியார் மறுபடியும் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போனார். டயாலிசிஸ் முடிந்து வரும் உடம்புக்கு முலுண்டின் குண்டுகுழிகள் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன நடந்தது? லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் வலது பக்கம் திரும்புவதற்காக நடுச்சாலையில் காத்திருந்தார். எதிரே வண்டிகள் ஓயவில்லை. பிரேக்கை நன்றாக அழுத்தியிருந்தபடியால் என்ஜின் தானாகவே அணைந்துவிட்டது. ஓர் இடைவெளி கிடைத்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். அப்பொழுது என்ஜின் உயிர் பெற்று, வண்டி தவளையைப்போல் ஒரே தாவாகத் தாவியது. அதற்குள் அந்த இடைவெளி மூடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் விழிப்பாயிருந்ததால் ஒரு முழ தூரத்தில் எல்லாம் நின்றது. பின்னிருக்கையில் மாமியார் இருந்தார்.

‘பிரதர், என் கையிலே வண்டி இல்லை, வண்டி கையிலே நான் இருக்கிறேன்’ என்று ஓர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது என்னிடம் சொன்னார். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. ஏனென்றால் அதே வகை வண்டியை நானும் மூன்று வருஷமாகச் செம்பூரிலிருந்து அந்தேரிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதே பொத்தானோடு நானும் போராடியிருக்கிறேன்.

முதலாவது, இந்த ஏற்பாடு எதற்கு என்பதைப் பார்ப்போம். வண்டி சிக்னலில் நிற்கும்போது என்ஜின் வீணாக ஓடுகிறது. பெட்ரோல் எரிகிறது, புகை வருகிறது, ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. நிற்கும்போது அணைத்து, புறப்படும்போது எழுப்பினால் மிச்சமாகுமே என்பது பழைய யோசனை. டொயோட்டா நிறுவனம் 1970-களிலேயே தன்னுடைய கிரவுன் காரில் இதைச் செய்து பார்த்தது. 1980-களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வேகன் தன் ‘ஃபார்மல் ஈ’ வண்டிகளில் வைத்தது. ஜனங்கள் அப்போது அதை விரும்பவில்லை. 1997-இல் ஜப்பானில் வந்த பிரியஸ், மின்மோட்டாரையும் என்ஜினையும் ஒன்றாக இணைத்துக்கொண்டு வந்தபோதுதான், நிற்கும் வேளையில் அணைகிற என்ஜின் ஒரு சாதாரண காரியமாயிற்று. நம்முடைய தேசத்தில் 2015-இல் மாருதி சுசுகி தன் சியாஸ், எர்டிகா டீசல் கார்களில் ‘எஸ்.ஹெச்.வி.எஸ்.’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அவ்வருஷம் தொடங்கிய ஃபேம் திட்டத்தின்கீழ் அரசின் மானியமும் அவற்றுக்குக் கிடைத்தது. 2017 ஏப்ரலில் இவ்வகை லேசான ஹைபிரிட்டுகளுக்கு அந்த மானியம் நிறுத்தப்பட்டது.

‘லேசான ஹைபிரிட்’ என்றேன். இங்கேதான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். ஹைபிரிட் என்ற ஒரே வார்த்தை, ஒன்றுக்கொன்று வெகுதூரமான இரண்டு வண்டிகளுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

லேசான ஹைபிரிட்டில், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் இடத்தில் கொஞ்சம் பலமான ஒரு கருவி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது அது மின்சாரம் எடுத்துச் சேமிக்கும்; என்ஜினை மறுபடி எழுப்பும்போது பெல்ட் மூலமாக அதைச் சுழற்றிவிடும்; வண்டி வேகமெடுக்கையில் கொஞ்சம் தோள் கொடுக்கும். அவ்வளவே. மின்சாரத்தால் மட்டும் அந்த வண்டி ஓடாது. முழு ஹைபிரிட்டோ அப்படியல்ல. அதில் உயர் மின்னழுத்த பேட்டரியும், சக்கரத்தை உருட்டும் பலமுள்ள மோட்டாரும் உண்டு. சிக்னலில் என்ஜின் அணைந்தாலும் பச்சை விழுந்தவுடன் மோட்டார் வண்டியை நகர்த்திவிடும்; என்ஜின் பிறகு மெதுவாக வந்து சேரும். ஆகவே அந்தச் சகோதரிக்கு நேரிட்ட தயக்கம் முழு ஹைபிரிட்டில் ஏறக்குறைய இல்லை. கடையில் விற்பனைப் பையன் இந்த வித்தியாசத்தை அவருக்குச் சொன்னானா என்று கேட்டேன். ‘மைலேஜ் நல்லா வரும் மேடம்’ என்றானாம்.

அந்தத் தயக்கம் எவ்வளவு நேரம்? அரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் எதிரே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அரை நொடியில் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். வலது பக்கம் திரும்புகிறவனுக்கு அந்த ஐந்தரை மீட்டர்தான் எல்லாம். நாம் பயந்து இன்னும் அழுத்தி மிதிக்கிறோம் அல்லவா, அந்த மிதி முழுவதும் என்ஜின் விழித்தவுடன் மொத்தமாக வந்து சேருகிறது. தாவல் அதனால்தான். பழுது ஒன்றுமில்லை. சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ‘அது அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்; எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பொய்யல்ல, ஆனால் உதவியுமல்ல.

என் எரிச்சல் வேறு விதமானது. சாண்டாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையில் மாலை ஏழு மணிக்குப் போயிருக்கிறீர்களா? ஐந்தடி நகர்வோம், நிற்போம். மறுபடி ஐந்தடி. ஒவ்வொரு தடவையும் என்ஜின் அணையும், மூன்று நொடியில் எழும்பும், அணையும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் சொல்லுகிறபடி, பத்து நொடிக்கு மேல் நிற்பதாயிருந்தால் அணைத்து எழுப்புவது லாபம். மூன்று நொடிக்கு அணைப்பதில் என்ன லாபம்? அந்தச் சின்ன மூளைக்கு முன்னே நிற்கும் லாரி எப்போது நகரும் என்பது தெரியாது. நமக்குத் தெரியும், நம்மைக் கேட்பாரில்லை.

போன மே மாதத்தில் என் தகப்பனார் நாசரேத்திலிருந்து வந்திருந்தார். வயது 78. தாதர் ஸ்டேஷனிலிருந்து அவரை அழைத்து வருகிறேன். முதல் சிக்னலிலேயே என்ஜின் அணைந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது சிக்னலில் மறுபடியும் அணைந்தது. ‘ஏலே, வண்டி நின்னுட்டே. இறங்கித் தள்ளணுமா?’ என்று கதவைத் திறக்கப் போனார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் சயான் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே கடற்கரை வெக்கை. உள்ளே காற்று வருகிறது, குளிர் வரவில்லை. ஈரத்துணி வாடையோடு புழுங்குகிறது. ஆஸ்துமா உள்ள அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கடைசியில் பொத்தானை அழுத்தி அந்த ஏற்பாட்டையே நிறுத்தினேன்.

காரணம் எளிது. லேசான ஹைபிரிட்டில் ஏ.சி. கம்பிரஸர் பழைய கார்களைப் போலவே என்ஜினின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. என்ஜின் அணைந்தால் கம்பிரஸரும் நின்றுவிடும். விசிறி மட்டும் சுற்றும். குளிர்ந்த குழாயில் படிந்திருந்த ஈரம் ஆவியாகி உள்ளே வரும். வாடை அதனுடையது. முழு ஹைபிரிட்டில் கம்பிரஸருக்குத் தனி மின்மோட்டார் உண்டு, ஆகவே என்ஜின் அணைந்திருந்தாலும் குளிர் நிற்பதில்லை. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கடலோர நகரங்களில் ஓட்டுகிறவர்கள் வாங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டிய முதல் காரியம் இதுவே என்பது என் எண்ணம். மைலேஜை அப்புறம் கேளுங்கள்.

லேசான ஹைபிரிட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சிறு உபாயம் உண்டு. வெப்பநிலையை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்தால், உள்ளே குளிர் போதவில்லை என்று வண்டி எண்ணிக்கொண்டு என்ஜினை அணைக்காமல் விட்டுவிடும்.

அது மட்டுமல்ல. அணைப்பதா வேண்டாமா என்று வண்டி தீர்மானிப்பதற்குப் பல காரியங்களைப் பார்க்கிறது. என்ஜின் போதிய சூடேறியிருக்க வேண்டும். பேட்டரியில் போதிய மின்சாரம் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். கதவும் பானட்டும் மூடியிருக்க வேண்டும். கண்ணாடியின் பனி நீக்கும் விசை ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அணையாது. பிரேக்குக்கு உதவி செய்கிற வெற்றிடம் குறைந்துவிட்டால், அணைந்திருந்த என்ஜின் தானாகவே எழும்பும். நின்ற இடத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்துக்கொண்டிருந்தால் திடீரென்று என்ஜின் முழங்குவது இதனால்தான். பல வண்டிகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் எழும்பும். ‘ஒரு நாள் அணைகிறது, ஒரு நாள் அணையவில்லை, இதற்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது’ என்று ஒரு நண்பர் என்னிடம் முறையிட்டார். பைத்தியம் இல்லை. ஆனால் தன் மனதிலிருப்பதைச் சொல்லாத ஒருவரோடு தினமும் பயணம் செய்வது எளிதல்ல என்பதை நானும் ஒத்துக்கொள்ளுகிறேன்.

சரி, பிடிக்கவில்லையென்றால் ஒரேயடியாக நிறுத்திவிடலாமே? அங்கேதான் அந்தப் பொத்தானின் வினோதம். அதை அழுத்தினால் அந்தப் பயணத்துக்கு மட்டுமே கேட்கும். பெட்ரோல் பங்கில் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால், தன் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். தினமும் காலையில் அழுத்த வேண்டும். மாலையில் மறுபடி அழுத்த வேண்டும். வாங்கியவனுடைய விருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு காரால் முடியாதா? இருக்கையின் உயரத்தையும் ரேடியோ நிலையத்தையும் நினைவில் வைக்கிற காரால் கூடாததா?

கூடும். வைப்பதில்லை. காரணம் நம்முடைய வசதியில் இல்லை, சோதனைக்கூடத்தில் இருக்கிறது. 2017-18 நிதியாண்டு முதல் நம் தேசத்தில் கார் நிறுவனங்கள் விற்கும் மொத்த வண்டிகளின் சராசரிப் புகைக்கு ஒரு வரம்பு வைக்கப்பட்டது; கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 2022-23 முதல் அது 113 கிராமாக இறுகியது. வண்டியைச் சோதிக்கும்போது ஓடும் நேரம் மட்டுமல்ல, நிற்கும் நேரமும் கணக்கில் வரும். அந்த நிற்கும் நேரத்தில் என்ஜின் அணைந்திருந்தால் எண் குறையும். கிளப்பியவுடன் வண்டி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் சோதனை. ஆகவே அந்த ஏற்பாடு எப்போதும் திறந்த நிலையிலேயே பிறக்க வேண்டும் என்று நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளுகின்றன. இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவரே, ஜனங்கள் இதை வெறுக்கிறார்கள் என்றும் இதைச் சரிசெய்யப் போவதாகவும் 2025 மே மாதத்தில் அறிவித்தார்.

நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். நீண்ட சிக்னலில், என்ஜின் அணைந்து கிடக்கும் அந்த இரண்டு நிமிஷ அமைதி எனக்குப் பிரியமானது. டெல்லியில் 2020 அக்டோபரில் மாநில அரசு ‘ரெட் லைட் ஆன், காடி ஆஃப்’ என்று ஓர் இயக்கமே நடத்தியது. சிவப்பு விழுந்தால் கையால் சாவியைத் திருப்பி அணையுங்கள் என்று சந்திகளில் ஆட்கள் பலகை பிடித்து நின்றார்கள். குளிர்காலத்தில் அந்த நகரத்தின் காற்றைச் சுவாசித்தவர்கள் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். சிக்னலில் நம் வண்டிக்குப் பக்கத்தில் பைக்கில் குழந்தையோடு நிற்கிறவர்கள் நம் புகையைத்தான் இழுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு வழக்கில்லை. அதைப் பிடிவாதமாக நம்மேல் சுமத்துகிற விதத்தின்மேல்தான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம், அநேகர் அதைத்தான் கேட்கிறார்கள். ஏ.சி. ஓட நின்றுகொண்டிருக்கும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர்வரை குடிக்கும். என் பயணத்தில் என்ஜின் அணைந்து கிடக்கும் நேரம் போகவர 20 நிமிஷம் என்று வைத்தால், ஏறக்குறைய கால் லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் இந்நகரத்தில் நாளொன்றுக்கு 25 ரூபாய், மாதம் 600 ரூபாய்க்குச் சற்று மேல். கோடையில் பொத்தானை அழுத்தி வைத்திருப்பதால் எனக்கு அதில் பாதிதான் தேறுகிறது. அற்பமல்ல. ஆனால் இந்த மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கக்கூடிய ஒன்று பானட்டுக்குள் இருக்கிறது. அதுதான் பேட்டரி.

இவ்வகை வண்டிகளில் இருப்பது சாதாரண பேட்டரி அல்ல. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை என்ஜினை எழுப்பவும், அணைந்திருக்கும் வேளையில் விளக்கு, விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் சுமக்கவும் பலப்படுத்தப்பட்டது. விலையும் அதற்கேற்றபடி அதிகம். போன வருஷம் என் பேட்டரி தளர்ந்தபோது, சாலையோரக் கடையில் ‘இதுவும் அதே அளவுதான் சார்’ என்று சொன்னதைக் கேட்டு, விலை குறைந்த சாதாரண பேட்டரியைப் போட்டுக்கொண்டேன். எட்டாம் மாதத்தில் ஒரு விடியற்காலை, விமான நிலையத்துக்குப் போக வேண்டிய வேளையில், வண்டி ‘கிளிக்’ என்ற சத்தத்தோடு மௌனமாகிவிட்டது. மிச்சம் பிடித்ததற்கு இரண்டு மடங்கு கொடுத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதிருங்கள். பழைய பேட்டரியின் மேல் ‘இ.எஃப்.பி.’ என்றோ ‘ஏ.ஜி.எம்.’ என்றோ அச்சிட்டிருந்தால் அதே வகையைத்தான் போட வேண்டும். மாற்றிய பிறகு சில வண்டிகளில் புதிய பேட்டரியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் கிழவனுக்குச் சமைப்பதுபோல் அது புதியதற்கும் அளந்து அளந்து ஊட்டும்.

இன்னொன்று. வெகுநாள் என்ஜின் அணையாமலே இருந்தால், ‘அப்பாடா, தொல்லை விட்டது’ என்று சந்தோஷப்படாதிருங்கள். பேட்டரி தளர்கிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளமாயிருக்கலாம். வாரம் முழுவதும் நிறுத்திவைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிற நம்மைப் போன்றோருக்கு இது சீக்கிரம் நேரிடும். சுருக்கமான ஓட்டத்தில் பேட்டரி நிறைவதேயில்லை.

ஸ்டார்ட்டர் தேய்ந்துபோகுமே என்ற பயமும் பலருக்கு உண்டு. லேசான ஹைபிரிட்டில் காலையில் முதல் தடவை மட்டுமே பெரும்பாலும் பழைய ஸ்டார்ட்டர் வேலை செய்கிறது. சாலையில் எழுப்புவதெல்லாம் பெல்ட். ஆகவே சர்வீஸின்போது அந்த பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி பயப்பட வேண்டியதில்லை.

பொத்தானை நினைவில் வைக்கும்படி ஒரு சின்னக் கருவியை வயரில் சொருகித் தருவதாகச் சில மெக்கானிக்குகள் சொல்லுவார்கள். உத்தரவாதக் காலம் முடியும்வரையாவது அதைத் தொடாதிருங்கள். முழு ஹைபிரிட்டில் ஒருபோதும் தொடாதிருங்கள். அதிலுள்ள ஆரஞ்சு நிற வயர்கள் உயிரை வாங்கும் மின்னழுத்தம் உடையவை.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. 2005 ஜூலை 26-ஐ இந்நகரத்தில் இருந்தவர்கள் மறக்கவில்லை. சாண்டாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. கார்களுக்குள் அடைபட்டு இறந்தவர்கள் உண்டு. அவ்வளவு பெருமழை தினமும் வராது. ஆனால் அந்தேரி சுரங்கப்பாதை வருஷந்தோறும் நிரம்புகிறது. தேங்கிய தண்ணீருக்குள் போகாதிருப்பதே உத்தமம். ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டால், தண்ணீர் சக்கரத்தைத் தொடுமுன்னே அந்தப் பொத்தானை அழுத்தி ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். புகைக்குழாய் தண்ணீருக்குள் இருக்கும்போது என்ஜின் அணைந்தால், வெளியே தள்ளிக்கொண்டிருந்த புகை நின்று, தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஏறலாம். காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால், தானாக எழும்ப முயலும் என்ஜினின் உள்ளுறுப்பு வளைந்துபோகும். அது பேட்டரி விலையில் தீருகிற காரியமல்ல.

முழு ஹைபிரிட் வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கு அந்தப் பொத்தானே இருக்காது. அணைவதும் எழும்புவதும் அந்த வண்டியின் சுபாவம். உங்களுக்குள்ள ஆபத்து வேறு. என்ஜின் சத்தமில்லாததால் வண்டி அணைந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டு இறங்கிப் போகிறவர்கள் உண்டு. பேட்டரி குறைந்தவுடன் என்ஜின் தானாக எழும்பும். மூடிய கராஜ் என்றால் புகை வீட்டுக்குள் வரும். சாவி திருகாமல் பொத்தானால் கிளப்பும் கார்களை இப்படி அணைக்க மறந்து, அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்டோர் கார்பன் மோனாக்சைடால் இறந்திருப்பதாக ‘நியூயார்க் டைம்ஸ்’ 2018-இல் எழுதியது. ‘ரெடி’ என்ற விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கதவைத் திறங்கள். குழந்தைகளை உள்ளே விட்டு, ‘இதோ பால் வாங்கி வருகிறேன்’ என்று இறங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த விளக்கு எரியும்போது வண்டி உறங்கவில்லை. லேசான ஹைபிரிட்டிலும் சிக்னலில் அணைந்த நிலையில் பானட்டைத் திறந்து கை வைக்காதிருங்கள்.

முலுண்ட் சகோதரியிடம் திரும்புகிறேன். அவருடைய கணவர் கப்பலிலிருந்து இறங்கி வந்த இரண்டாம் வாரம், நாங்கள் இரண்டு குடும்பமும் கார்கருக்குப் போனோம். ஞாயிறு பிற்பகலில் அங்கே சில சாலைகள் அகலமாகவும் காலியாகவும் கிடக்கின்றன. முதல் அரை மணி நேரம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. நான் ஓட்டிக் காண்பித்தேன். பிரேக்கை நன்றாக அழுத்தினால் அணைகிறது. வண்டி நகராத அளவுக்கு மட்டும் இலேசாக அழுத்தினால் அணைவதில்லை. இதை அவருடைய வண்டியில் பத்துப் பன்னிரண்டு தடவை சோதித்துப் பார்த்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எல்லா மாடலிலும் இப்படியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள், பிறகு ஒரு காலி மைதானத்தில் நீங்களே பாருங்கள். அடுத்ததாக, அணைந்த நிலையில் பிரேக்கை விட்டு, என்ஜின் எழும்பிய அதிர்வைப் பாதத்தில் உணர்ந்த பிறகே ஆக்ஸிலரேட்டரைத் தொடுவது. அவர் கால் இரண்டையும் ஒரே மூச்சில் செய்து பழகிய கால். இருபது வருஷப் பழக்கம் ஒரு பிற்பகலில் மாறாது.

‘அப்படியானால் கிளப்பியவுடன் அழுத்திவிடு, சீட் பெல்ட், பொத்தான், பிறகு கியர்’ என்று அவர் கணவர் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பெட்ரோல் மிச்சம் போனால் போகட்டும். நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் வேண்டுமானால் அதை விட்டுவைக்கலாம். லோனாவளா போகும்போது காட் ஏற்றத்தில் நெரிசலில் நிற்க நேர்ந்தால் அங்கேயும் அழுத்திவிடுவதே நல்லது. சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி இருந்தாலும் அது இரண்டொரு நொடிக்குத்தான்.

மாலை ஐந்து மணிக்கு அவர் தாமாகவே ஓட்ட ஆரம்பித்தார். முதலாவது வலதுபுறத் திருப்பத்தில் கைகள் நடுங்கின. நான்காவதில் நடுக்கம் இல்லை. ஆறாவதில் எங்களைப் பார்த்து, ‘டீ குடிக்கப் போகலாமா?’ என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஒரு செய்தி வந்தது. மாமியாரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டாராம். அவசரத்தில் பொத்தானை அழுத்த மறந்துபோனாராம். முதல் சிக்னலில் என்ஜின் அணைந்தவுடன், பின்னிருக்கையிலிருந்து மாமியார் கையை நீட்டி, ‘அதை அமுக்கு, அந்த வட்டம் போட்ட எழுத்தை’ என்றாராம்.